ஸல்மீன் விற்ற படகு

ஓமானின் கஸப் துறையில் சாவியை மூன்றாம் முறை திருப்பியும் இன்ஜின் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. கல்ஃபான் நிமிர்ந்து பார்க்காமலே கழுத்தைச் சொறிந்துகொண்டான். பக்கத்துப் படகில் வலை மடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவர்களுடைய கைகள் நின்றுவிட்டிருந்தன.

“எட்டு நாளா கரையில கிடந்துச்சு. அதான்” என்றான் கல்ஃபான், யாரும் கேட்காமலே.

ஸுவைனா பேரீச்சம்பழ மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கோடை முழுக்கக் கஸப்பில் தோட்டத்து வேலை. அறுவடை முடிந்து ஊர் திரும்புகிற நாள் இது. நாலு மூட்டைப் பழம், ஒரு மூட்டை அரிசி, சமையல் வாயு சிலிண்டர், அவள் புருஷன், அவன் வாங்கிய பழைய படகு எல்லாம் சேர்ந்து இன்று சாயங்காலத்துக்குள் கும்ஸார் போய்ச் சேர வேண்டும். கும்ஸாருக்குத் தரைவழி கிடையாது.

“ஹுமைத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?” என்றாள்.

“யாரு?”

“என் தம்பி.”

“அப்படி ஒருத்தன் இருக்கானா” என்று சொல்லிவிட்டு கல்ஃபான் பேட்டரிப் பெட்டியின் மூடியைக் கழற்றினான்.

ஹுமைத் கும்ஸாரிலேயே படகு இன்ஜின் பழுதுபார்க்கிறவன். இரண்டு வருடத்துக்கு முன் கல்ஃபானின் பழைய படகை அவன்தான் பிரித்துச் சரிசெய்து கொடுத்தான். சரியாக ஒரு வாரத்தில் அது நடுக்கடலில் நின்று, பாறையில் மோதி, துண்டு துண்டாகப் போயிற்று. கல்ஃபான் இடது முழங்காலை உடைத்துக்கொண்டு கரையேறினான். உன் வேலை சரியில்லை என்றான் கல்ஃபான். நீ ஊற்றின பெட்ரோலில் தண்ணீர் இருந்தது என்றான் ஹுமைத். அதோடு பேச்சு நின்றது. பெருநாளுக்கு இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். “காபி ஆறிப்போவுதுன்னு உன் தம்பிகிட்ட சொல்லு” என்பான் கல்ஃபான். “எனக்குச் சூடு ஆகாதுன்னு அத்தான்கிட்ட சொல்லுக்கா” என்பான் ஹுமைத். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழ தூரம்தான் இருக்கும்.

இந்தப் படகை வாங்கும்போதும் கல்ஃபான் அவனைக் கூப்பிடவில்லை. விற்ற ஸல்மீன் கஸப்பில் மரியாதையான ஆள். தானே ஓட்டி, துறைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினான். இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது. இரண்டு வருடம் பிறத்தியார் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவனுக்கு அதற்கு மேல் பார்க்கப் பொறுமை இல்லை.

பேட்டரியின் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கல்ஃபான் கத்தியால் சுரண்டி, கம்பிகளை இறுக்கிக் கட்டி, மறுபடி சாவியைத் திருப்பினான். இன்ஜின் ஒரு தடவை இருமி, நீலப் புகை கக்கி, பிடித்துக்கொண்டது.

“பார்த்தியா” என்றான். வலைக்காரர்கள் மறுபடி மடிக்க ஆரம்பித்தார்கள்.

முதல் அரை மணி நேரம் எந்தக் குறையும் இல்லை. ஆட்டுத்தீவைத் தாண்டும்வரை கடல் மலைகளுக்கு நடுவே அடங்கிக் கிடந்தது. கல்ஃபான் நின்றபடி ஓட்டினான். அவன் முதுகைப் பார்த்தே ஸுவைனாவுக்குத் தெரிந்தது, அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான் என்று. இரண்டு வருடமாக அந்த முதுகு வேறு மாதிரி இருந்தது. அவள் ஒரு பழத்தை எடுத்துக் கொட்டையை நீக்கி அவனிடம் நீட்டினாள். திரும்பாமலே வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

தீவைத் தாண்டியதும் திறந்த கடல். வடமேற்கிலிருந்து ஷமால் காற்று வீசிக்கொண்டிருந்தது. அலை பெரிதில்லை, ஆனால் ஓயாமல் வந்தது. வலப்பக்கம் மலை நேராகக் கடலுக்குள் இறங்கியது. ஒதுங்க ஒரு கை மணல்கூடக் கிடையாது. கல்ஃபான் மலையை விட்டு நன்றாக விலகியே ஓட்டினான்.

இன்ஜின் சத்தம் மெல்ல இளைத்தது. இரண்டு முறை விக்கியது. நின்றது.

நின்றதும் காற்றின் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல.” சாவியைத் திருப்பினான். உடனே பிடித்தது. இருவரும் மூச்சுவிட்டார்கள். மூன்று நிமிடம் ஓடியிருக்கும், அதே போல இளைத்து நின்றது. மறுபடி திருப்பினான், பிடித்தது. இந்தத் தடவை இரண்டு நிமிடம்கூட இல்லை. நாலாவது தடவை பிடிக்கவே இல்லை. ஸ்டார்ட்டர் மட்டும் ‘கிர்ர் கிர்ர்’ என்று சுற்றிக்கொண்டிருந்தது.

ஸுவைனா மலையைப் பார்த்தாள். இதுவரை அது ஒரு பழுப்புச் சுவராக இருந்தது. இப்போது அதில் பிளவுகள் தெரிந்தன. காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது.

கல்ஃபான் முன்னால் ஓடி நங்கூரத்தைப் போட்டான். கயிறு சரசரவென்று இறங்கி, கடைசி முடிச்சில் விறைத்து நின்றது. நங்கூரம் எதையும் தொடவில்லை.

“எவ்வளவு கயிறு இருக்கு?”

“ரெண்டு கையும் விரிச்சு அளந்தா இருபது பாகம்கூட வராது. இங்க ஆழம் அதுக்கு ரெண்டு மடங்கு இருக்கும்.” அவன் ரேடியோவைத் தட்டினான். அது வெறும் பெட்டி. பின்னால் கம்பியே இல்லை. “விற்கும்போது பளபளன்னு துடைச்சு வெச்சிருந்தான்.”

ஸுவைனா தன் போனை எடுத்தாள். சிக்னல் ஒரு கோடு இருந்தது, போனது, வந்தது. முதலில் ஊரில் கல்ஃபானின் சித்தப்பா மகன் தாவூதைக் கூப்பிட்டாள். தாவூத் இரண்டு கேள்விதான் கேட்டான். எந்த இடம், காற்று எந்தப் பக்கம். “கிளம்பிட்டேன் அண்ணி. முனையைச் சுத்தி வரணும், நாப்பது நிமிஷமாவது ஆகும். கஸப் காவல் படகுக்கும் சொல்லச் சொல்றேன்” என்றான்.

நாற்பது நிமிடம். கல்ஃபான் மலையைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். இருக்கைக்குக் கீழிருந்து இரண்டு மிதவைச் சட்டைகளை எடுத்து ஒன்றை அவளிடம் கொடுத்தான். மற்றதன் வார் கையோடு பிய்ந்து வந்தது. அதைப் பார்த்ததும் ஸுவைனா வேறெதுவும் யோசிக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டாள்.

“சொல்லுக்கா. சோஹார்ல கடையில இருக்கேன், சாமான் வாங்கிட்டு இருக்கேன்.”

“ஹுமைத், படகு நின்னுடுச்சு. ஆட்டுத்தீவு தாண்டி. மலைப் பக்கமா தள்ளுது.”

“யார் படகு?”

“எங்க படகு. அவர் வாங்கியிருக்கார்.”

பின்னால் கடைக்காரர் யாரோ விலை சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு கதவு ஒன்று சாத்தப்பட்டது.

“சிவப்புக் கயிறு மாட்டியிருக்கான்னு கேளு. சாவி பக்கத்துல சுருள் சுருளா ஒண்ணு தொங்கும். அது கழண்டா இன்ஜின் பிடிக்காது.”

“சிவப்புக் கயிறு மாட்டியிருக்கான்னு கேக்கறான்.”

“நான் நேத்துதான் கடலைப் பார்த்தேன்னு நினைச்சானா? மாட்டியிருக்குன்னு சொல்லு.”

“மாட்டியிருக்கு.”

“கியர் நடுவுல இருக்கா?”

“இருக்கு” என்று கல்ஃபான் அவள் கேட்பதற்கு முன்பே சொன்னான். போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். ஆனாலும் இரண்டு பேரும் அவளிடமேதான் பேசினார்கள்.

“ஸ்டார்ட்டர் சுத்துதா?”

“சுத்துது. பிடிக்கலை. முதல்ல பிடிச்சுது, ரெண்டு மூணு நிமிஷம் ஓடி நின்னுடுது. இப்ப அதுவும் இல்ல.”

“இனிமே சாவியைத் திருப்ப வேணாம்னு சொல்லு. பேட்டரி போயிடும். ஒரு பிளக்கைக் கழட்டி முனையைத் தொட்டுப் பாக்கச் சொல்லு. ஈரமா, காய்ஞ்சிருக்கா?”

கல்ஃபான் அதற்குள் இன்ஜின் மூடியைத் தூக்கிப் படகுக்குள் எறிந்திருந்தான். உடைந்த முழங்காலை மடக்க முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு பின்பக்கம் குனிந்து பிளக்கைத் திருகினான். ஒவ்வொரு அலைக்கும் படகு சாய்ந்தது. கையில் எடுத்த பிளக்கைக் கட்டைவிரலால் தேய்த்தான்.

“காய்ஞ்சு கிடக்கு.”

“காய்ஞ்சு கிடக்காம்.”

“அப்ப பெட்ரோல் வரலை. டேங்க்ல இருக்கா?”

“காலையில நிரப்பினேன். கேக்கறதைப் பாரு” என்றான் கல்ஃபான்.

“தண்ணி கலந்திருக்கான்னு வடிகட்டியைப் பாக்கச் சொல்லு. கண்ணாடிக் கிண்ணம் மாதிரி இருக்கும்.”

கல்ஃபானின் கை நின்றது. அவன் முகம் இறுகியது. “இதான். இதுக்குத்தான் காத்துட்டிருந்தான். மறுபடி என் பெட்ரோல்ல தண்ணி.”

“ஏங்க.”

“அவன்கிட்ட சொல்லு, இது கஸப் பங்க்ல...”

“பாருங்களேன்” என்றாள் ஸுவைனா. சத்தமாகச் சொல்லவில்லை. மலையில் வெள்ளை வெள்ளையாகப் பறவை எச்சம் வழிந்திருந்தது இப்போது தெரிந்தது. அலை பாறையில் மோதும் சத்தம் தனியாகக் கேட்க ஆரம்பித்திருந்தது. பெரிய கதவை யாரோ அடைப்பதுபோல, இடைவெளி விட்டு விட்டு வந்தது.

அவன் பார்த்தான். கிண்ணம் சுத்தமாக இருந்தது. ஆனால் அதில் பாதிக்கு மேல் காற்றுதான்.

“தண்ணி இல்ல. பாதி காலியா இருக்கு.”

“டேங்க் மூடியைத் திறந்து பாக்கச் சொல்லுக்கா. காத்துப் போற ஓட்டை அடைச்சிருந்தா, திறந்ததும் ‘புஸ்’ன்னு சத்தம் வரும்.”

கல்ஃபான் திறந்தான். எந்தச் சத்தமும் வரவில்லை. பெட்ரோல் வாசனைதான் வந்தது. டேங்க் நிறைய இருந்தது. ஹுமைத் யோசிக்கும்போது நாக்கால் பல்லைத் தட்டுவான். அந்தச் சத்தம் போனில் கேட்டது.

“குழாய் எங்கயாவது மடங்கியிருக்கா?”

ஸுவைனாவே பார்த்தாள். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கறுப்புக் குழாய் அவள் காலடியில்தான் ஓடியது. மடங்கவில்லை. நடுவே கையால் அமுக்குகிற ரப்பர் பந்து ஒன்று இருந்தது. புறப்படும்போது கல்ஃபான் அதைத்தான் நாலைந்து தடவை அமுக்கினான். அப்போது அது கெட்டியாக இருந்ததை அவள் பார்த்திருந்தாள். இப்போது எடுத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒட்டிப்போய் தட்டையாகக் கிடந்தது. அமுக்கினாள். விட்டாலும் அது எழுந்திருக்கவில்லை.

“ஹுமைத், இந்தப் பந்து கறந்து முடிச்ச ஆட்டு மடி மாதிரி ஒட்டிப்போய்க் கிடக்கு. உப்பவே மாட்டேங்குது.”

“என்ன சொன்னே?”

“தட்டையா இருக்கு. ரெண்டு பக்கமும் உள்ள இழுத்துட்டிருக்கு.”

“அக்கா. அதை முதல்லயே சொல்லக் கூடாதா.” குரல் வேகமாயிற்று. “இன்ஜின் நல்லாருக்கு. அது இழுக்குது, டேங்க் விட மாட்டேங்குது. டேங்குக்குள்ள குழாய் வாயில ஏதோ அடைச்சிருக்கு. கொஞ்சம் ஓடினா ஒட்டிக்கும், நின்னா விழுந்துடும், திரும்ப ஒட்டிக்கும். இப்ப நல்லா மாட்டிக்கிச்சு. அதைக் கழட்ட முடியுமான்னு கேளு.”

டேங்க் பின் இருக்கைக்குக் கீழே படகோடு சேர்த்துப் பதித்திருந்தது. மேலே ஆறு திருகாணிகள். ஆறும் துருவேறி ஒரே கட்டியாக இருந்தன. கல்ஃபான் ஒன்றில் திருப்புளியை வைத்து அழுத்தினான். தலை உதிர்ந்து போயிற்று.

“முடியாது.”

“வேற பெட்ரோல் இருக்கா, கேன் எதுலயாவது?”

இருந்தது. கல்ஃபான் எப்போதும் ஒரு கேன் கூடுதலாக, எண்ணெய் கலந்து எடுத்து வருவான். பழைய படகு போனதிலிருந்து அந்தப் பழக்கம். அவன் முகத்தில் ஏதோ மாறியது. ஹுமைத் சொல்லி முடிக்கும்முன் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து கேனை இழுத்து வந்துவிட்டான்.

“டேங்கை விட்டுட்டு, குழாயைக் கேன்ல விடணும்” என்றான்.

“டேங்கை விட்டுட்டுக் குழாயைக் கேன்ல...” என்று அதே நேரத்தில் ஹுமைத்தும் சொன்னான்.

குழாயை டேங்கோடு பிடித்திருந்த வளையமும் துருதான். கல்ஃபான் கத்தியை எடுத்து வளையத்துக்கு இந்தப் பக்கம் குழாயையே அறுத்தான். அறுத்த முனையைக் கேனுக்குள் அடிவரை செலுத்தினான். ஸுவைனா கேனை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பந்தை அமுக்கினாள். முதலில் காற்றுதான் போனது. எட்டு, ஒன்பது, பத்து. பதினைந்தாவது அமுக்கலில் பந்து கனத்தது. பிறகு கல்லாயிற்று.

“கெட்டியாயிடுச்சு.”

பிளக்கை மாட்டிவிட்டு கல்ஃபான் சாவியைத் திருப்பினான்.

‘டக்.’

மறுபடி. ‘டக்.’ பிறகு அதுவும் இல்லை.

“பேட்டரி போச்சு” என்றாள் ஸுவைனா போனில். பாறையின் அடியில் ஒட்டியிருந்த சிப்பிகள் தெரிந்தன. ஒவ்வொரு அலை வடியும்போதும் அவை பளபளத்தன. மோதித் திரும்பும் தண்ணீர் படகுக்கு அடியில் வந்து குழப்பியது. படகு இப்போது ஒரு பக்கமாக ஆடாமல் எல்லாப் பக்கமும் ஆடியது.

“கயிறு போட்டு இழுக்கணும். இன்ஜின் தலையில சக்கரம் தெரியுதா? ஓரத்துல ஒரு வெட்டு இருக்கும். கயிறுல முடிச்சுப் போட்டு அந்த வெட்டுல மாட்டி...” சிக்னல் அறுந்தது. “...மா சுத்தி...”

“எந்தப் பக்கமா?”

“...மா.”

“என்ன சொன்னான்?”

“கேக்கலை. இடமாங்கறான் போலிருக்கு.”

“இடமா சுத்தினா பிடிக்காதே.”

“எனக்கு எப்படித் தெரியும், எனக்குக் கேட்டதைச் சொன்னேன்.” ஸுவைனாவின் ஒரு கை பந்தில், ஒரு கை கேனில். போன் மடியில் நழுவிக்கொண்டிருந்தது. சட்டென்று அதை எடுத்து, கல்ஃபானின் தலைக்கட்டுக்குள், காதோரமாகச் செருகினாள். “நீங்களே கேளுங்க. எனக்கு ரெண்டு கைதான்.”

கல்ஃபான் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கெல்லாம் நேரம் இருக்கவில்லை.

“வலமாவா, இடமாவா?” என்று கத்தினான்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் மச்சானிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அலைச் சத்தத்தில் பதில் அவளுக்குக் கேட்கவில்லை. அவன் தலையாட்டினான். நங்கூரக் கயிற்றின் மேல் முனையில் கூடுதலாக இருந்த ஒரு பாகத்தை வெட்டி எடுத்து, முடிச்சுப் போட்டு, சக்கரத்தின் வெட்டில் மாட்டி, வலமாக மூன்று சுற்றுச் சுற்றினான். நல்ல காலை இருக்கையில் ஊன்றி இழுத்தான். இன்ஜின் பாதி சுற்றி அசைந்து நின்றது.

“சாவி ஆன்ல இருக்கு. ...இருக்குடா. ...சரி.”

அப்போது படகு வெடுக்கென்று ஆடி நின்றது. ஸுவைனா முன்னால் விழப் பார்த்தாள். நங்கூரம். கரைக்கு அருகே கடல் மேடேறும் இடத்தில் அது எதையோ பிடித்துவிட்டிருந்தது. படகு முனையைக் காற்றுக்குத் திருப்பிக்கொண்டது. பின்பக்கம், இன்ஜின் இருக்கும் பக்கம், பாறையை நோக்கி ஊசலாடியது. நடுவே நாலு படகு நீளம் இருந்தால் அதிகம்.

“பிடிச்சிருக்கு” என்றாள்.

“எவ்வளவு நேரம் பிடிக்கும்னு தெரியாது.” அவன் மறுபடி சுற்றினான். இழுத்தான். ஒரு புகைத் துண்டு வந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாம் தடவை முழங்கால் வழுக்கி, இடுப்பு இருக்கை விளிம்பில் மோதி அப்படியே உட்கார்ந்துவிட்டான். வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கினான். முன்னால் கயிறு கிறீச்சிட்டது. நங்கூரம் ஒரு முறை விட்டுப் பிடித்தது. அலை ஒன்று வந்து, பாறையில் ஏறி, அவர்கள் தலைமேல் தூறலாக விழுந்தது.

“...முடியலை ஹுமைத். கால் நிக்க மாட்டேங்குது.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். போனுக்குள் ஹுமைத் என்ன சொன்னானோ, கல்ஃபான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். “நீ வந்து இழுடா அப்ப. ...வாயை மூடு. சுத்திட்டேன்.”

“நானும் பிடிக்கிறேன்” என்றாள் ஸுவைனா. பந்தை இன்னொரு முறை கல்லாக அமுக்கிவிட்டு, கேனை மூட்டைகளுக்கு நடுவே சாய்த்து நிறுத்தி, அவன் கைக்குப் பின்னால் கயிற்றைச் சேர்த்துப் பிடித்தாள்.

“ஒண்ணு, ரெண்டு...”

மூன்று சொல்லாமலே இழுத்தார்கள். இரண்டு பேரும் மூட்டைகள் மேல் மல்லாந்து விழுந்தார்கள். இன்ஜின் கரகரத்தது, புகைந்தது, அடங்கப் பார்த்தது. பிறகு ஒரே சீராக உறுமியது.

கல்ஃபான் தவழ்ந்துபோய்க் கியரைப் போட்டான். ஸுவைனா கத்தியோடு முன்னால் ஓடினாள். விறைத்து நின்ற கயிற்றில் கத்தி பட்டதும் அது தானாகவே தெறித்துக் கடலுக்குள் போயிற்று. படகு ஒரு கணம் பின்னால் சறுக்கியது. பாறையின் ஈரத்தை அவள் மூக்கில் உணர்ந்தாள். அப்புறம் முன்னால் போக ஆரம்பித்தது. முதலில் அலையோடு இழுபறியாக, பிறகு வேகமாக.

அவள் திரும்பி வந்து கேனைப் பிடித்துக்கொண்டாள். படகு குதித்ததில் பெட்ரோல் சிந்தி அவள் அபாயா அங்கியின் முன்பக்கம் நனைந்தது. மலை மறுபடி பழுப்புச் சுவராக ஆயிற்று. தாவூதின் படகு எதிரே வருவது தெரிந்தபோதுதான் கல்ஃபான் தலைக்கட்டிலிருந்து போனை எடுத்தான். அழைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது.

“கடைசியில என்ன சொன்னான்?” என்று கேட்டாள்.

“அவன் சொன்னதையெல்லாம் உன்கிட்ட சொல்ல முடியாது” என்றான். “என் அம்மா வரைக்கும் போயிட்டான்.”

மறுநாள் மத்தியானம் ஹுமைத் கும்ஸார் வந்து சேர்ந்தான். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே படகுக்கு வந்தான். சலாம் சொன்னான், கல்ஃபான் பதில் சொன்னான். ஹுமைத் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுத்தான். மதியத் தொழுகை முடிந்து வந்த பாதி ஊர் சுற்றி நின்றது. டேங்கிலிருந்து குழாயை உருவியபோது அதன் வாயில் ஒரு வெள்ளித் தாள் மாட்டியிருந்தது. இன்ஜின் எண்ணெய் டப்பாவின் வாயில் ஒட்டியிருக்குமே, அந்தச் சின்ன வட்டத் தாள். திறக்கும்போது எவனோ விரலால் உள்ளே தள்ளியிருக்கிறான். அது எண்ணெயோடு டேங்குக்குள் போயிருக்கிறது. பாதி குழாய்க்குள் போய், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“இவ்வளவுதானா” என்றான் தாவூத்.

“இது மட்டும் இல்ல” என்றான் ஹுமைத். பேட்டரிக் கம்பிகளை இழுத்துக் காட்டினான். கையோடு வந்தன. பின்பலகையில் இரண்டு இடத்தில் சுத்தியலால் தட்டினான். ஊறிப்போன சத்தம் வந்தது. “இதை ஓட்டக் கூடாது. பத்து நாள் வேலை இருக்கு.”

“நாளன்னைக்கு சூறை மீன் வருது. நான் போறேன்” என்றான் கல்ஃபான்.

“போக மாட்டீங்க.”

“யாருடா நீ சொல்றதுக்கு?”

“அத்தான், அந்தப் பழைய படகுலயும் இப்படித்தான்...”

“அந்தப் பேச்சை எடுக்காதே.”

“எடுத்தா என்ன?”

குரல்கள் உயர்ந்தன. ஊர் ஓரடி பின்னால் போயிற்று. ஸுவைனாவும் வந்து நின்றிருந்தாள். ஹுமைத் இன்ஜினுக்குப் பின்னால் குந்தி, படகைத் தள்ளும் புரொப்பெல்லரின் மரையைக் கழற்றி, அதை உருவித் தோளில் வைத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்தான். கல்ஃபான் பின்னாலிருந்து வைதான். அவன் திரும்பவில்லை. தாவூத் சிரித்துவிட்டான். அப்புறம் கல்ஃபானும், முழங்காலைத் தடவிக்கொண்டே, கொஞ்சம் சிரித்தான்.

ஐந்தாம் நாள் ஸல்மீன் கஸப்பிலிருந்து வந்தான். யாரும் கூப்பிடவில்லை. விஷயம் காதில் விழுந்திருக்கிறது. புது டேங்க் ஒன்றையும் நாற்பது பாகம் நங்கூரக் கயிற்றையும் படகிலிருந்து இறக்கி, தானே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தான். கல்ஃபான் அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தான். வீடு தேடி வந்தவனை வேறென்ன செய்ய முடியும். ஹுமைத்தும் வந்து எதிரே உட்கார்ந்தான். காற்றைப் பற்றிப் பேசினார்கள். மீன் வரத்தைப் பற்றிப் பேசினார்கள். டேங்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஸுவைனா காபியும் பழமும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

“ஸல்மீன் அண்ணே, படகு நிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

கல்ஃபான் நிமிர்ந்து பார்த்தான். ஆனால் அவளைத் தடுக்கவில்லை. ஸல்மீன் கோப்பையை விரல்களுக்கு நடுவே திருப்பிக்கொண்டிருந்தான். அறுபது வயது மனுஷன். தாடியெல்லாம் வெளுத்திருந்தது.

“ரெண்டு தடவை நின்னுதும்மா” என்றான் கடைசியில். “ரெண்டு தடவையும் துறைக்குள்ளதான். கொஞ்ச நேரம் விட்டா ஓடுச்சு. என்னன்னு பாக்கலை. பாத்தா விலை போகாதுன்னு...” முடிக்கவில்லை. “நீயும் அதுல வருவேன்னு நான் நினைக்கலை.”

“அவர் தனியா வந்திருந்தாலும் பாறை அதே பாறைதானே அண்ணே.”

அவன் தலையாட்டினான். கண்ணை நிமிர்த்தவில்லை. வெளியே ஆடுகள் சுவரோரம் உரசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. ஹுமைத் தொண்டையைச் செருமி, டேங்கின் அளவு சரியாக இருக்குமா என்று பார்க்க வேண்டும் என்றான். கல்ஃபான், சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்றான். ஸல்மீன் கிளம்புகிறேன் என்று எழுந்தான்.

“உக்காருங்க” என்றாள் ஸுவைனா. “சோறு ஆக்கியாச்சு. சாப்பிட்டுத்தான் போகணும்.”

அவன் நின்றான். போகவும் முடியவில்லை, உட்காரவும் கூசியது. பிறகு மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் அடுப்படிக்குப் போய் அரிசியைப் பெரிய தட்டில் கொட்டி, மேலே வறுத்த மீனை அடுக்கினாள். கோபம் போய்விட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. தட்டு கனமாக இருந்தது. அவளையும் சேர்த்து நாலு பேருக்குப் போதும்.